படித்த அப்பாவும் படிக்காத அம்மாவும்: முதியவர்களிடம் மருத்துவத் தகவல் வந்து சேரும் வழிகள்

எங்கள் வீட்டில் முதியவர்கள் இருவர். அப்பாவுக்கு 84 வயது. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர், நாளிதழைத் தலைப்புச் செய்தி முதல் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வரை விடாமல் வாசிப்பவர். அம்மாவுக்கு 79, கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத்துப் பழக்கம் இல்லாதவர். அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு, அம்மாவுக்கு இரத்த அழுத்தம் மட்டும். லால்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் இருவரையும் உடனிருந்து கவனிக்கும் பொறுப்பு, நான் பணி ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வந்தது. பொய்யான மருத்துவச் செய்திகளால் ஏமாறக்கூடியவர் படிக்காத அம்மாதான் என்று உறவினர்கள் பலரும் எண்ணியிருந்தார்கள். நடந்தது அதற்கு நேர்மாறானது. அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தால், எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டுவிடுவார். அப்பாவோ தானே வாசித்துத் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைப்பதால் யாரிடமும் கேட்பதில்லை. முதியவர்களுக்கு எந்த ஊடகம் நல்லது, எது கெட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை அதிகம் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

அப்பாவின் நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கப்பட்டது. அறுபதுகளின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகத்தை அந்த நிலையம் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தபோது, தஞ்சை வட்டாரத்து விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா அப்போது இளைஞர். வானொலியில் சொன்ன ரகத்தை முதல் போகத்தில் வயலின் ஒரு மூலையில் மட்டும் நட்டுப் பார்த்ததாகவும், விளைச்சல் கண்ட பிறகே மற்ற வயல்களுக்குக் கொண்டுபோனதாகவும் இன்றும் சொல்வார். ஊராட்சி மன்றத்து வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து கேட்டதைப் பற்றி மறுநாள் டீக்கடையில் நாலு பேர் வாதாடுவார்கள். பேசியவர் வேளாண்மை அலுவலரா, அரசு மருத்துவரா என்பது பெயரோடும் பதவியோடும் அறிவிக்கப்பட்டிருக்கும். சந்தேகத்தை அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால் பின்னொரு நாள் ஒலிபரப்பில் பதில் வரும். பொதுவில் சொல்லப்பட்ட ஒரு செய்தி என்றால் அதை யாரோ பொறுப்பான ஒருவர் சரிபார்த்திருப்பார் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இப்படித்தான் படிந்தது. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு அவர்கள் இன்று வாட்ஸ்ஆப்பைத் திறக்கிறார்கள். உடம்பில் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு மூலை வயல் கிடையாது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஆளும் அருகில் இருப்பதில்லை.

பழைய ஊடகம் எல்லாம் பத்தரைமாற்றுத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. 'ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி திருச்சி, 6ஆம் தேதி தஞ்சாவூர்' என்று லாட்ஜ் பெயரோடு நாளிதழில் வந்த வைத்தியர் விளம்பரங்களை நம்பிப் பணத்தை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நீரிழிவு, இரத்த அழுத்தம், கண்புரை, புற்றுநோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடை செய்கிறது. அந்தச் சட்டம் வந்து எழுபது ஆண்டுகள் ஆன பின்பும், காலை நேரத் தொலைக்காட்சியில் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் மூட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் ஒரே சூரணத்தைப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறார். திரையின் அடியில் 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்ற வரி எறும்பு ஊர்வதைப் போல ஓடும். கண்புரை உள்ள எந்த முதியவராலும் அதை வாசிக்க முடியாது. அவர்கள் கண்ணுக்குப் படுவதெல்லாம் கோட்டும், கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பும், திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் தொலைபேசி எண்ணும்தான். எங்கள் வீட்டில் ஒரு சின்ன விதி வைத்தோம்: பேசி முடித்த பிறகு விலையையோ தொலைபேசி எண்ணையோ சொன்னால் அது கடை, கடைக்காரர் சொல்வதை எவ்வளவு கேட்போமோ அவ்வளவு கேட்டால் போதும். அம்மா இதை உடனே பிடித்துக்கொண்டார். சந்தைக்குப் போய்ப் பழகியவருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். வழக்கமான பரிசோதனைக்கு அழைத்துப்போனபோது அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, முந்தைய தடவை ஏழரை சதவீதத்துக்குள் இருந்தது, இப்போது ஒன்பதைத் தாண்டியிருந்தது. சாப்பாட்டில் மாற்றமில்லை, நடைப்பயிற்சியும் நிற்கவில்லை. மருத்துவர் துருவிக் கேட்ட பிறகுதான், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சில வாரங்களாக நிறுத்திவிட்டதை ஒப்புக்கொண்டார். 'சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது' என்று நீளமாக எழுதப்பட்ட ஒரு வாட்ஸ்ஆப் செய்தி அவருக்கு வந்திருந்தது. எழுத்துப்பிழை இல்லாத நல்ல தமிழ். நடுவே ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர். கடைசியில் 'உங்கள் அன்புக்குரியவர்களுக்குப் பகிருங்கள்' என்ற வேண்டுகோள். பிழையில்லாத தமிழ் அவருக்கு ஒரு சான்றாகவே பட்டிருக்கிறது.

அந்த மருத்துவர் அன்று செய்த காரியத்தை நான் இன்னும் பாராட்டுகிறேன். 'வாட்ஸ்ஆப் பார்க்காதீங்க' என்று அதட்டாமல், அந்தச் செய்தியையே கைப்பேசியில் வாங்கி வாசித்தார். பிறகு அப்பாவின் இரத்தப் பரிசோதனைத் தாளில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைச் சுட்டிக்காட்டி விளக்கினார். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் வேறு காரணங்களால் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்துபோனவர்களுக்கு அந்த மருந்து உடம்பில் தங்கிவிடக்கூடும் என்பதால் அளவைக் குறைப்பார்கள். செயல்திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண் 30க்குக் கீழே போனால் நிறுத்தியே விடுவார்கள். அதனால்தான் சிறுநீரகப் பரிசோதனையை அவ்வப்போது எடுக்கச் சொல்கிறார்கள். சிறுநீரகம் கெட்ட ஒருவருக்கு மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தியதைப் பார்த்த யாரோ, மாத்திரையால்தான் சிறுநீரகம் கெட்டது என்று முடிவு கட்டியிருக்கலாம். பொய்ச் செய்திகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு பாதி உண்மையை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகின்றன. அந்தப் பாதி உண்மையை ஏற்றுக்கொண்டு மீதியைப் பேசினால் முதியவர்கள் காது கொடுக்கிறார்கள். முழுவதையும் பொய் என்று தூக்கியெறிந்தால், நம்மைவிடச் செய்தி அனுப்பியவரையே நம்புகிறார்கள்.

அனுப்பியவர் என்ற இடத்தில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. 'இது யார் சொன்னது?' என்று நான் கேட்டபோது, அப்பா சற்றும் தயங்காமல் ஓர் உறவினரின் பெயரைச் சொன்னார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமானவர். அவர் வெறுமனே மறுபடி அனுப்பியவர்தான், எழுதியவர் வேறு யாரோ என்பது அப்பாவின் கணக்கில் வரவே இல்லை. ஒரு கடிதம் வந்தால் அதை அனுப்பியவரே எழுதியவர் என்று அறுபது ஆண்டுகள் பழகிய மனிதருக்கு, கடிதம் போலவே பெயரோடும் படத்தோடும் வரும் ஒன்றை வேறு விதமாகப் பார்க்கத் தோன்றாதுதான். 2018இல் வாட்ஸ்ஆப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு இரட்டை அம்புக்குறி போடும் வழக்கம் 2019இல் வந்தது. 2020இல் அப்படிப்பட்ட செய்திகளை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றானது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அந்த இரட்டை அம்புக்குறிக்கு என்ன பொருள் என்று எங்கள் ஊர் முதியவர்களில் ஒருவருக்குக்கூட யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சிலர் அதை, 'நிறைய பேர் அனுப்பியிருக்காங்க, அப்ப உண்மையாத்தான் இருக்கும்' என்று தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நான் அப்பாவுக்குச் சொன்னது இதுதான்: இரட்டை அம்பு இருந்தால், கையில் கொடுத்தவருக்கும் எழுதியவருக்கும் சம்பந்தமில்லை, மொட்டைக் கடுதாசி என்று எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டைக் கடுதாசி என்ற சொல் அவருக்கு நன்றாகப் புரிந்தது. அவர் காலத்தில் ஊராட்சித் தேர்தல்களில் அது நிறையப் புழங்கியிருக்கிறது.

அம்மாவுக்கு வந்த தொல்லைகள் வேறு ரகம். சமையல் நிகழ்ச்சி ஒன்றில், இந்துப்பில் சோடியம் இல்லை, இரத்த அழுத்தக்காரர்கள் வேண்டிய அளவு சேர்க்கலாம் என்று யாரோ சொல்ல, அம்மாவும் அதையே வாங்கி வரச் சொல்லி, குழம்பில் முன்னைவிடத் தாராளமாகப் போடத் தொடங்கினார். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்; போதாததற்கு, சாதாரணச் சமையல் உப்பில் சேர்க்கப்படும் அயோடின் பல இந்துப்புப் பாக்கெட்டுகளில் இருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி அளவுக்குள், உப்பு போதும் என்கிறது; அது எந்த நிறத்து உப்பு என்றாலும் அளவு அதேதான். கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பொட்டாசியம் கலந்தது என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதன் பக்கம் போகக் கூடாது.

இன்னொன்று மாத்திரை அட்டையின் நிறம். அம்மா மாத்திரையைப் பெயரால் அறிவதில்லை; 'நீல அட்டை', 'வெள்ளி அட்டை' என்றுதான் அடையாளம் வைத்திருந்தார். கடையில் ஒருமுறை வேறு கம்பெனி மருந்தை மாற்றிக் கொடுத்துவிட, அட்டை வேறாக இருந்ததால் அதைப் புது மருந்து என்று எண்ணி, மிச்சமிருந்த பழையதையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். இரண்டுமே அம்லோடிபின் என்ற அதே 5 பவர் இரத்த அழுத்த மாத்திரை. கணுக்கால் வீங்கி, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சொன்ன பிறகே கண்டுபிடித்தோம். இப்போது காலி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறோம். கம்பெனி மாறினால் பழைய அட்டையைக் கையோடு அப்புறப்படுத்திவிட்டு, புது அட்டையைக் காட்டி 'அதே மாத்திரைதான், சட்டை மட்டும் வேறே' என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறோம். மாத்திரை அட்டையின் மேலேயே மருந்தின் மூலப்பெயரைப் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்டால் இந்த வேலை பாதி குறையும். முதியவர்களின் மருத்துவத் தகவல் என்று பேசும்போது செயலிகளைப் பற்றியே பேசுகிறோம். ஒவ்வொரு நாளும் அவர்கள் கைக்கு வருகிற அந்தத் தகட்டில் இருப்பது பொடி ஆங்கில எழுத்து.

காது விஷயத்தையும் சொல்ல வேண்டும். வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். குரல் கேட்கும், ஆனால் மெய்யெழுத்துகள் பிடிபடாது. தொலைபேசியில் 'காலை' என்று சொன்னது அம்மாவுக்கு 'மாலை' என்று கேட்டிருக்கிறது. அதனால் வெளியூரிலிருந்து பேசும் என் தங்கை இப்போது 'விடிஞ்சதும் பல் விளக்கிட்டு', 'விளக்கு வெச்ச பிறகு' என்று சொல்கிறாள். பின்னணி இசை ஓடும் காணொளிகளில் முதியவர்களுக்குப் பேச்சே விளங்குவதில்லை. அவர்கள் திரையில் வரும் பெரிய எழுத்துத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், தலைப்புதான் பெரும்பாலும் பொய்யாக இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இசையில்லாமல், ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசும் வானொலி உரை இன்றும் அவர்களுக்கு ஏற்றது என்பேன்.

எங்கள் அனுபவத்தில் அம்மாவுக்கு மிகத் தெளிவாக வந்து சேர்ந்த மருத்துவத் தகவல், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்த கண் சிகிச்சை முகாம் அறிவிப்பு. எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஞாயிற்றுக்கிழமை, எத்தனை மணி, ஆதார் நகல் வேண்டும், சாப்பிடும் மாத்திரைகளைக் கொண்டுவர வேண்டும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் பேருந்தில் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள், செலவில்லை. அவ்வளவுதான் செய்தி. கண்புரை எதனால் வருகிறது என்ற விளக்கம் ஏதுமில்லை. அன்று மாலைக்குள் தெருவிலிருந்த வயதான பெண்கள் யார் யாரோடு போவது என்று பேசி முடித்துவிட்டார்கள். நோயைப் பற்றிய விளக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு, 'எங்கே போவது, யாருடன் போவது, எவ்வளவு ஆகும்' என்பதைச் சொல்லாமல் விடும் காணொளி எத்தனை இலட்சம் பேரால் பார்க்கப்பட்டாலும், தனியாகப் பேருந்து ஏற முடியாத ஒருவருக்கு அதனால் பெரிய பயனில்லை.

அடுத்தது, வீடு தேடி வரும் பெண். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் எங்கள் தெருவுக்கும் ஒரு தன்னார்வலர் வருகிறார். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்; திண்ணையில் உட்கார்ந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, எண்களைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அம்மா அவரை விடமாட்டார். 'ஏம்மா, கருவாடு திங்கலாமா? மாத்திரைய மறந்துட்டா ராத்திரி ரெண்டா போட்டுக்கலாமா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தெரியாததை அந்தப் பெண் 'செவிலியர்கிட்ட கேட்டுட்டு அடுத்த தடவை சொல்றேன் பாட்டி' என்று சொல்லி, சொன்னபடியே வந்து சொல்வதும் உண்டு. இந்துப்புச் சங்கதியைத் தீர்த்து வைத்தவரும் அவர்தான். நான் சொன்னபோது அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா அந்த உரையாடல்களின்போது நாளிதழை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். மெட்ஃபார்மின் விவகாரத்துக்குப் பிறகு நாற்காலியைத் திண்ணைக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார், இன்னமும் கேள்வி கேட்பதில்லை, ஆனால் கவனிக்கிறார்.

அப்பாவின் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது என்ற யோசனையை என் தங்கை சொன்னாள். நான் அதற்கு உடன்படவில்லை. பேரன் பேத்தி முகம், கோயில் திருவிழா நேரலை, செத்தது பிழைத்தது எல்லாம் அதில்தான் வருகிறது. அதைப் பறிப்பது அவரை ஊரிலிருந்து விலக்கி வைப்பதற்குச் சமம். மாறாக, சில ஏற்பாடுகளைச் செய்தோம். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினோம். யூடியூபில் ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானாக ஓடும் வசதியை நிறுத்தினோம். ஒரு மூட்டு வலிக் காணொளியைப் பார்த்தால் பக்கம் முழுக்க மூட்டு வலி வைத்தியமாக நிரம்புவது அதன் இயல்பு என்பதையும், பார்க்கப் பிடிக்காததை 'ஆர்வமில்லை' என்று குறிக்க முடியும் என்பதையும் காட்டினோம். 'மூன்றே நாளில்', 'டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்', 'ஒரே பொருள் போதும்' என்று தலைப்பு இருந்தால் திறக்காமல் கடந்துவிடப் பழக்கினோம். பெயர்பெற்ற மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து மருந்து விற்கும் காணொளிகளும் இப்போது வருகின்றன என்பதால், தெரிந்த முகம் என்பதும் சான்றாகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவால் இதை மட்டும் இன்னும் முழுதாக ஏற்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது, எந்த மருத்துவச் செய்தியையும் மற்றவர்களுக்கு அனுப்புமுன் வீட்டுக்குள் ஒருவருக்கு அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு. திருச்சியில் செவிலியர் படிப்பு படிக்கும் என் அண்ணன் பேத்திக்கு அப்பா அனுப்புவார்; அவள் எழுதாமல் குரல் பதிவாகவே பதில் சொல்வாள். 'கொள்ளுத்தாத்தா, பக்கவாதம் வந்தா ஊசியால விரலைக் குத்தி ரத்தம் எடுக்கணும்னு அனுப்பிச்சீங்கள்ல, அது தப்பு. நேரந்தான் முக்கியம். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தூக்க வரலைன்னாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108 கூப்பிடுங்க. நாலரை மணி நேரத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும்.' மாரடைப்பு வந்தால் தொடர்ந்து இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற பழைய செய்திக்கும், அதுவும் தப்பு என்று இப்படி ஒரு பதில் வந்தது. அப்பா அந்தக் குரல் பதிவுகளைத் தன் நண்பர்களுக்கு அனுப்புகிறார். பொய் எந்தப் பாதையில் வந்ததோ அதே பாதையில் திருத்தமும் போகிறது. ஆனால் சின்னப் பெண்ணின் குரலுக்கு, பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட செய்திக்குக் கிடைக்கிற வேகம் கிடைப்பதில்லை.

இப்படி உதவ வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு 104 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது, இரவிலும் பேசலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. இவற்றை அழைக்கும்போது முதியவர்கள் தங்கள் வயது, உள்ள நோய்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், பவர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், அவற்றை ஒரு தாளில் எழுதி மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைப்பது நல்லது. தொலைபேசியை எடுப்பவர் பேச்சு வேகமாக இருந்தால், 'மெதுவாச் சொல்லுங்க, காது கொஞ்சம் மந்தம்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பாதி கேட்டு 'சரிங்க' என்று வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வெளி நோயாளிகள் வரிசையில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதில் அப்பா தன் பயணக் களைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கேட்க வேண்டியது விட்டுப்போகும். ஆகவே முந்தின இரவே இருவரிடமும் கேட்டு, மிக முக்கியமான இரண்டு மூன்று கேள்விகளைக் காலண்டர் தாளின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்கிறோம். மருத்துவர் சம்மதித்தால் அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை இரண்டு முறையாவது போட்டுக் கேட்பார். வெளியே வருமுன், 'என்ன சொன்னார், நீங்க சொல்லுங்க பார்ப்போம்' என்று கேட்டுத் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். அம்மா பிழையில்லாமல் ஒப்பிப்பார். அப்பா, 'எல்லாம் சீட்டுல எழுதியிருக்குடா' என்பார். அந்தச் சீட்டு ஆங்கிலத்தில், மருத்துவரின் கையெழுத்தில் இருக்கும். மருந்துக்கடைக்காரர் அதில் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதிக் கொடுக்கும் வரை நாங்கள் கடை வாசலை விட்டு நகர்வதில்லை.